வேலை தேடுவார்க்கு ஓர் ஆற்றுப்படை

படிப்பு முடிந்தவுடன் இக்காலத்து இளைஞர் முதலில் நாடுவது கைபேசியையே. நௌக்ரி, இன்டீட், லிங்க்டின் முதலிய பெரிய வேலைத் தளங்களில் தம் பெயரையும் படிப்பையும் பதிந்து வைத்துவிட்டு, யாரேனும் அழைப்பர் என்று நாள்தோறும் காத்திருக்கின்றனர். இத்தளங்கள் பயனற்றவை அல்ல. 1997-ஆம் ஆண்டில் நௌக்ரி தோன்றிய காலந்தொட்டு எண்ணற்றோர் இவ்வழியே வேலை பெற்றுள்ளனர். ஆயினும் அவற்றையே ஒரே வாயில் எனக் கொண்டு, ஏனைய வாயில்களைத் தட்டாதிருப்பவர் இழப்பது மிகுதி. அவ்வேனைய வாயில்கள் யாவை, அவற்றுள் நம்பத்தக்கன எவை, அஞ்சத்தக்கன எவை என்பவற்றைக் கள்ளக்குறிச்சி நாட்டையும் கல்வராயன் மலையையும் சான்றாகக் கொண்டு ஈண்டுக் காண்போம்.

கள்ளக்குறிச்சி முன்னர்த் தென்னார்க்காட்டிலும், 1993 முதல் விழுப்புரம் மாவட்டத்திலும் அடங்கியிருந்தது. 2019-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 26-ஆம் நாள் தனி மாவட்டமாயிற்று. அதன் மேற்கே மதில்போல் நீண்டு கிடப்பது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாகிய இது, சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு பகுதியாய் விளங்குகிறது. முன்னது ஏறத்தாழ 2700 அடியும், பின்னது ஏறத்தாழ 4000 அடியும் உயரமுடையன. வெள்ளிமலை, கரியாலூர் முதலியன கள்ளக்குறிச்சியைச் சார்ந்த மலையூர்கள். கருமந்துறை சேலம் மாவட்டத்தைச் சார்ந்தது. இங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். கேரள நாட்டு மலையாளிகளோடு இவர்களை ஒன்றாக எண்ணிவிடுதல் கூடாது. இவர்கள் பேசுவது தமிழே. இவர்தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி.

இந்நாட்டில் வேலைகள் எங்கே உள்ளன? மலையில் விளையும் மரவள்ளி லாரிகளில் ஏறி, ஆத்தூர், சின்னசேலம், சேலம் ஆகிய இடங்களிலுள்ள சவ்வரிசி ஆலைகளுக்குச் செல்கிறது. இவ்வட்டாரத்தார் மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்பர். மலையடிவாரத்தில் கோமுகி அணையை அடுத்துள்ள கச்சிராயபாளையத்தில் ஒரு கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும், மூங்கில்துறைப்பட்டில் மற்றொன்றும் உள்ளன. கள்ளக்குறிச்சியைச் சூழ அரிசி ஆலைகள் பல. ஆலை உண்டெனின் அங்கே பொறி பழுது பார்ப்பவர், மின்பணியாளர், எடை போடுபவர், கணக்கெழுதுபவர், லாரி ஓட்டுநர் ஆகிய பலரும் வேண்டும். இவையன்றிப் பள்ளிகள், மருத்துவமனைகள், துணிக்கடைகள், விதை உரக் கடைகள் ஆகியன உள்ளன. இவற்றுள் எத்தனை வேலைகள் பெரிய தளங்களில் இடம் பெறுகின்றன? மிகச் சிலவே. காரணம் வெளிப்படை. அரிசி ஆலை முதலாளிக்கு ஒரே ஒரு பணியாளர் தேவைப்படுகிறார். அவர் பணம் செலுத்தித் தளத்தில் விளம்பரம் செய்து, எங்கெங்கிருந்தோ வரும் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களைப் படித்துக்கொண்டிரார். தம் ஆலையில் வேலை செய்பவரை அழைத்து, “உனக்குத் தெரிந்த நல்ல பையன் யாராவது உண்டா?” என்று கேட்பார். அன்று மாலைக்குள் ஆள் வந்துவிடுவான். அவ்வேலை பிறந்ததும் நிறைந்ததும் தளங்களுக்குத் தெரியாது.

இவ்வாறு ஒருவர் வாய்ச்சொல்லால் மற்றொருவர் வாழ்வு பெறுவது தமிழர்க்குப் புதிதன்று. அதற்கென ஓர் இலக்கிய வகையையே நம் முன்னோர் வகுத்தனர். அதுவே ஆற்றுப்படை. ஆறு என்றால் வழி. படுத்துதல் என்றால் செலுத்துதல். வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞனுக்கு, “நீ இன்ன வழியே சென்றால் இன்னானைக் காணலாம், அவன் இவ்வாறு உதவுவான்” என்று கூறி வழிப்படுத்துவது அதன் பொருள். பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் இவ்வகையின. அவற்றுள் ஒன்றாகிய மலைபடுகடாம் நம் மலைக்கு அண்மையில் நிகழ்ந்தது. இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் 583 அடிகளில் பாடிய அப்பாட்டின் தலைவன் நன்னன். அவன் நகராகிய செங்கண்மா இன்றைய செங்கம். கல்வராயன் மலைக்கு வடக்கே, தென்பெண்ணைக்கு அப்பால் உள்ள ஊர் அது.

அப்பாட்டில் வழி காட்டும் கூத்தன் நன்னனது கொடையை மட்டும் சொல்லி அமையவில்லை. வழியில் பாம்பு உறையும் இடங்களைச் சொல்கிறான். பன்றிக்கு வைத்த பொறிகளைச் சொல்கிறான். தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் வந்து விழும் என்கிறான். வழுக்கும் பாறைகளில் எவ்வாறு அடி வைப்பது என்கிறான். எவ்வூரில் உணவு கிடைக்கும், எவரிடம் தங்கலாம் என்பதையும் கூறுகிறான். தான் சென்று வந்தவன் ஆதலின் அவனுக்கு இவை தெரியும். எதிரே நிற்பவனிடமிருந்து அவன் பெறுவது ஒன்றுமில்லை. நன்மையோடு இடரையும் சேர்த்துச் சொல்வது, தான் சென்று கண்டதைச் சொல்வது, கூலி கேளாமல் சொல்வது ஆகிய மூன்றும் நல்ல வழிகாட்டியின் இலக்கணம் என்று நாம் இதிலிருந்து கொள்ளலாம். இவ்விலக்கணம் பின்னர் நமக்கு மிகவும் பயன்படும்.

வழிகாட்டுவார் யாராக இருத்தல் கூடும்? தாய்மாமன், சிற்றப்பன், உயிர்த்தோழன் என்று நெருங்கியவர்களையே முதலில் நினைப்போம். இதனை ஆராய்ந்த ஓர் அறிஞர் வியப்பான முடிவொன்றைக் கண்டார். அவர் பெயர் மார்க் கிரானோவெட்டர். அமெரிக்க நாட்டுச் சமூகவியலார். பாஸ்டன் நகரை அடுத்த நியூட்டன் என்னும் ஊரில், புதிதாக வேலை மாறிய தொழில் வல்லுநர், மேலாளர் முதலியோரை அவர் வினவினார். நூற்றுக்கு 56 பேர் தமக்குத் தெரிந்த ஒருவர் வாயிலாகவே வேலை பெற்றிருந்தனர். அத்தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்தித்து வந்தீர்கள் என்று மேலும் கேட்டார். வாரம் இருமுறையேனும் சந்திப்பவர் சொன்னதால் வேலை பெற்றவர் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேரே. எப்போதேனும் சந்திப்பவரால் பெற்றவர் 56 பேர். ஆண்டுக்கொருமுறையோ அதற்கும் அரிதாகவோ சந்திப்பவரால் பெற்றவர் 28 பேர். நெருங்கிய உறவினும் மெல்லிய அறிமுகமே இவ்வகையில் வலியது என்று அவர் 1973-ஆம் ஆண்டில் எழுதினார். 2022-ஆம் ஆண்டில், லிங்க்டின் தளத்தைப் பயன்படுத்தும் இரண்டு கோடி மக்களைக் கொண்டு ஆராய்ந்தோரும், மிக நெருங்கியதும் அன்றி, முற்றும் அயலானதும் அன்றி, இடைப்பட்ட அறிமுகமே மிகுதியும் உதவக் கண்டனர்.

இதற்குக் காரணம் அரிதன்று. வெள்ளிமலையில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த இளைஞன் ஒருவனை எண்ணுக. அவன் தமையனும் தோழரும் அவன் இருக்கும் ஊரிலேயே இருக்கின்றனர். அவன் கேட்கும் செய்தியையே அவர்களும் கேட்கின்றனர். அவர்கள் அவன்மீது அன்புடையர். ஆனால் அவன் அறியாததை அறியார். மலைக்கு வரும் பேருந்தின் நடத்துநரோ ஒவ்வொரு நாளும் கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவைக் காண்கிறார். கிழங்கு ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர் பத்து ஆலைகளின் உள்முற்றம் வரை செல்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர், கூட்டுறவுச் சங்க எழுத்தர், நான்கு ஆண்டுக்கு முன் அதே பள்ளியில் படித்து இப்போது கோவையில் பணிபுரிபவர், தொலைபேசிக் கோபுரம் பழுது பார்க்க வருபவர் ஆகிய இவர்களெல்லாம் வேறு வேறு உலகங்களைத் தொட்டு வருபவர்கள். மலையூரில் இருப்பவனுக்கு இத்தகைய அறிமுகங்கள் குறைவு என்பது மெய்யே. நகரத்தான் ஒரு தெருவில் பெறும் அறிமுகத்தை மலையூரான் ஓராண்டில் பெறுதலும் அரிது. இது அவன் குற்றமன்று. ஆதலால், இருக்கும் சில அறிமுகங்களை அவன் வீணாக்காமல் பயன்படுத்த வேண்டியவனாகிறான்.

அறிமுகமானவரிடம் கேட்பதிலும் முறை உண்டு. “அண்ணா, எனக்கு ஏதாவது ஒரு வேலை வாங்கித் தாருங்கள்” என்று கேட்டால், “பார்க்கலாம் தம்பி” என்னும் விடையே வரும். கேட்கப்பட்டவருக்கு எதைப் பார்ப்பது என்று தெரியாது. வேலை வாங்கித் தரும் ஆற்றலும் அவருக்கு இராது. “அண்ணா, நான் மின்பணிப் படிப்பு முடித்திருக்கிறேன். மோட்டார் சுற்றத் தெரியும். நீங்கள் கிழங்கு இறக்கும் ஆலைகளில் மின்பணியாளரை யார் அமர்த்துகிறார்கள்? அவரை எந்த நேரத்தில் பார்க்கலாம்?” என்று கேட்டுப் பாருங்கள். இதற்கு விடை கூற ஓட்டுநரால் இயலும். முன்னது உதவி கேட்பது. பின்னது செய்தி கேட்பது. உதவி செய்ய இயலாதவரும் செய்தி சொல்ல இயலும். அவ்வாறு ஒரு பெயர் கிடைத்தால், அப்பெயருடையவரிடம் சென்று, “இன்னார் தங்களைக் காணச் சொன்னார்” என்று தொடங்கலாம். அப்போது நீங்கள் முற்றும் அயலார் அல்லீர். வேலை இல்லை என்று அவர் சொன்னாலும், “வேறு யாரைக் கேட்கலாம்?” என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டே திரும்புதல் வேண்டும். ஒரு குறிப்பேட்டில் யாரை, எந்நாள் கண்டோம், என்ன சொன்னார் என்று எழுதி வைப்பது நன்று. பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னவரிடம் பதினைந்தாம் நாள் சென்று நிற்பவனே அவர் நினைவில் நிற்பான்.

எவரும் வழி சொல்லாவிடினும் நேரே சென்று கேட்கலாம். பணிமனைக் கதவில் “ஆட்கள் தேவை” என்று பலகை தொங்கும் காலம் இன்றும் மாறவில்லை. பலகை இல்லாத இடத்திலும் கேட்பதால் இழப்பதொன்றுமில்லை. கள்ளக்குறிச்சியின் மரச் சிற்பத் தொழிலை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். தெய்வத் திருவுருவங்கள், தூண்கள், கதவுகள் முதலியவற்றை உளியால் செதுக்கும் இக்கலை, 2021-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. இத்தொழிலில் நுழைய விரும்புவான் பணிமனைக்குச் சென்று, ஆசானைக் கண்டு, உளி தீட்டவும் மரம் அறுக்கவும் முதலில் கற்று, படிப்படியாக முகமும் விரலும் செதுக்கும் நிலைக்கு உயர்கிறான். இதற்கு விண்ணப்பப் படிவம் ஏது? கண்ணும் கையும் பொறுமையும் உடையவனா என்பதே ஆசான் காண்பது. இத்தகைய தொழிலில் தொடக்க ஊதியம் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். வீட்டு நிலைமை நோக்கி அதனைத் தாங்க இயலுமா என்று எண்ணித் துணிக.

இனி, அரசு திறந்து வைத்துள்ள வாயில்களைப் பார்ப்போம். வேலைவாய்ப்பு அலுவலகம் என்பது போரின் வயிற்றில் பிறந்தது. இரண்டாம் உலகப் போர் முடிவுற்ற 1945-ஆம் ஆண்டில், படையிலிருந்து திரும்பிய வீரர்க்கு வேலை தேடித் தருவதற்காக இந்திய அரசு அதனை அமைத்தது. 1948-இல் எல்லார்க்கும் அதன் கதவு திறக்கப்பட்டது. 1956 நவம்பர் முதல் நாளிலிருந்து மாநில அரசுகள் அதனை நடத்தி வருகின்றன. 1959-ஆம் ஆண்டு ஒரு சட்டம் பிறந்தது. அரசு நிறுவனங்களும், 25 பேருக்குக் குறையாமல் பணியாற்றும் தனியார் நிறுவனங்களும் தம்மிடம் உண்டாகும் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அறிவித்தல் வேண்டும் என்பது அதன் விதியாக இருந்தது. அறிவித்தல் வேண்டும் என்றதேயன்றி, அவ்வலுவலகம் அனுப்புவோரையே அமர்த்தல் வேண்டும் என்று அது கூறவில்லை. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் இக்கருத்தைத் தன்னுள் கொண்டுள்ளது.

பதிந்து வைத்தவர் பல்லாண்டு காத்திருக்க, பதியாதவர் செய்தியே அறியாதிருந்த நிலையும் உண்டாயிற்று. 1996-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இதனை எடுத்துக்கொண்டு, அரசுப் பணிகளுக்கு வேலைவாய்ப்பு அலுவலகம் தரும் பட்டியலோடு நில்லாமல், செய்தித்தாள், வானொலி, தொலைக்காட்சி முதலியவற்றிலும் அறிவித்தல் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. எந்த ஒரு வாயிலும் தனித்து நின்று எல்லார்க்கும் நீதி செய்ய இயலாது என்பதை நீதிமன்றமே கண்டுகொண்டது எனலாம்.

அதனால் வேலைவாய்ப்பு அலுவலகம் வேண்டாததாகிவிடவில்லை. பதிவுக்குக் கட்டணம் இல்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்தல் வேண்டும். இதனை மறந்து பதிவு மூப்பை இழந்தோர் பலர். முன்பு இம்மக்கள் விழுப்புரம் வரை செல்லவேண்டியிருந்தது. இப்போது கள்ளக்குறிச்சியிலேயே மாவட்ட அலுவலகம் உள்ளது. அங்குள்ள தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்கு இலவசமாகப் பயிற்சி தருகின்றனர். தனியார் நிறுவனத்தாரை நேரில் வரவழைக்கும் வேலைவாய்ப்பு முகாம்களும் அங்கே நடைபெறும். இம்முகாம்களில் வேலை கிடைக்காவிடினும், எந்நிறுவனம் எத்தகைய ஆளை வேண்டுகிறது என்பதை ஒரே நாளில் நேரில் அறியலாம். 2023-ஆம் ஆண்டில் தைவான் நாட்டுக் காலணி நிறுவனம் ஒன்று உளுந்தூர்ப்பேட்டையில் தொழிற்சாலை அமைக்க அரசோடு உடன்படிக்கை செய்தது. 20,000 பேருக்கு வேலை என்பது அன்றைய அறிவிப்பு. இத்தகைய தொழிற்சாலைகள் ஆள் எடுக்கும் செய்தி அம்மாவட்டத்து முகாம்களுக்கு வருதல் இயல்பு.

பலர் கவனியாத வேறொரு வாயில் உண்டு. அங்கன்வாடிப் பணியாளர், சத்துணவு அமைப்பாளர், சமையல் உதவியாளர், கிராம உதவியாளர் முதலிய பணிகளுக்கு அவ்வூரையோ அண்மையூரையோ சார்ந்தவராய் இருத்தல் வேண்டும் என்பது விதி. அதாவது, சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ எவரும் இவற்றுக்குப் போட்டியிட இயலாது. மலையூரார்க்கு இதைவிட அண்மையான வாயில் வேறில்லை. இவ்வறிவிப்புகள் ஊராட்சி ஒன்றிய அலுவலகம், வட்டாட்சியர் அலுவலகம், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் ஆகியவற்றின் அறிவிப்புப் பலகைகளில் ஒட்டப்படும். நாளிதழ்களின் மாவட்டச் செய்திப் பக்கத்தின் மூலையில் நான்கு வரியாக வரும். விண்ணப்பிக்கத் தரும் காலமோ குறைவு. அந்நேரத்தில் சாதிச் சான்று இல்லையென்று ஓடுவதில் பயனில்லை. பழங்குடியினர்க்குரிய சான்றினை வழங்குபவர் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர், வட்டாட்சியர் அல்லர். அதற்கு ஆகும் நாள் மிகுதி. ஆகவே படிக்கும் காலத்திலேயே அதனைப் பெற்று வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்தவர்க்கு 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் ஒரு நல்ல படிக்கட்டு. 30 பேருக்குக் குறையாமல் பணியாற்றும் நிறுவனங்கள் பழகுநரைச் சேர்த்துக்கொள்ளக் கடமைப்பட்டவை. பழகும் காலத்தில் உதவித்தொகையும், முடிவில் சான்றிதழும் கிடைக்கும். அதனினும் பெரிய பயன் ஒன்றுண்டு: அந்நிறுவனத்தின் மேற்பார்வையாளரும் உடன் பழகுவோரும் உங்கள் கைத்திறனை நேரில் கண்டவராகின்றனர். வேறோர் இடத்தில் வேலை உண்டாகும்போது உங்களைப் பற்றிச் சொல்லவல்ல மெல்லிய அறிமுகத்தார் பலர் அங்கே தோன்றுகின்றனர்.

இதுகாறும் நல்வழிகளைக் கண்டோம். வாய்ச்சொல் வழியாகத் தீமையும் வரும். மலைக்கு வேலைச் செய்தி கொண்டு வருவோர் எல்லாரும் கூத்தர் அல்லர், தரகரும் உண்டு. நாள் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் கூலி என்று சொல்லி, கையில் முன்பணம் கொடுத்து, எங்கே எதற்கு என்று சொல்லாமல் வண்டியில் ஏற்றிச் செல்வோரால் இம்மலைத்தொடர்களின் மக்கள் பெருந்துயர் உற்றனர். ஆந்திர நாட்டுச் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்டுவதற்கென்று இவ்வாறு அழைத்துச் செல்லப்பட்டோர் பலர். செம்மரம் வெட்டுதல் சட்டத்துக்கு மாறான செயல். 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் அக்காட்டில் ஆந்திரக் காவலர் சுட்டதில் தமிழகத்திலிருந்து சென்ற 20 பேர் மாண்டனர். 2018-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கடப்பை மாவட்டத்து ஒண்டிமிட்டா ஏரியில் ஐவர் உடல்கள் மிதந்தன. அவ்வைவரும் கருமந்துறைப் பக்கத்துக் கல்வராயன் மலையினர். அவர்களை அனுப்பி வைத்தவர் எவரும் அவ்வேரிக்கரையில் இல்லை.

வேலையின்மை மலைக்குள்ளேயே வேறு தீமைக்கும் வழி செய்தது. சாராயம் காய்ச்சுவதைப் பிழைப்பாகக் கொண்டோர் உண்டு. 2024-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அருந்தி அறுபதின்மருக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதன் பின்னர்ச் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் வாழ்க்கை நிலை குறித்துத் தானே முன்வந்து ஒரு வழக்கை எடுத்துக்கொண்டது. நல்ல வேலையின் செய்தி சென்று சேராத இடத்தில் தீய வேலையின் செய்தி முந்திக்கொண்டு சென்று சேர்கிறது.

மாணவியரும் இதில் விழிப்பாக இருத்தல் வேண்டும். நூற்பாலைகளில் மூன்றாண்டு வேலை செய்தால் இறுதியில் திருமணத்துக்கென ஒரு பெருந்தொகை தருவதாகக் கூறி இளம்பெண்களைச் சேர்த்த முறை, சுமங்கலித் திட்டம் என்னும் மங்கலப் பெயரோடு நம் நாட்டில் வழங்கியது. இடையில் நோயுற்று வெளியேறியவர் அத்தொகையை இழந்தனர். உழைத்த மாதத்துக்குரிய ஊதியத்தைக் காலந்தாழாமல் பெறுவது தொழிலாளியின் உரிமை. அதனை ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைப்பது பரிசு ஆகாது.

தரகனை இனங்காண்பது எவ்வாறு? முன்பு கூறிய மூன்று இலக்கணங்களையும் உரைகல்லாகக் கொள்க. அவன் அவ்விடத்தில் தானே வேலை செய்தவனா? அங்குள்ள இடர் எதனையேனும் சொல்கிறானா? உங்களிடமோ உங்கள் பெயரால் முதலாளியிடமோ பணம் பெறுகிறானா? பின்னர், நிறுவனத்தின் பெயர் என்ன, ஊர் எது, மாத ஊதியம் எவ்வளவு, எந்த நாளில் தருவர், தங்கும் இடமும் உணவும் யார் பொறுப்பு, வேண்டாம் என்றால் திரும்பி வரலாமா என்று கேளுங்கள். முன்பணம் தந்தால், அதனை எழுத்தில் தரக் கேளுங்கள். முன்பணக் கடனைக் காட்டி ஒருவரை வெளியே விடாமல் வேலை வாங்குவது கொத்தடிமை முறை. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஒழித்து, அக்கடனையும் செல்லாததாக்கிவிட்டது. இம்மலையில் ஜாகீர்தாரர் ஆட்சி முடிவுற்றதும் அதே ஆண்டில்தான். வெளிநாட்டு வேலையெனின், 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவு பெற்ற முகவர் மட்டுமே ஆள் சேர்க்கலாம்; அவர் பெறத்தக்க கட்டணம் வரி நீங்கலாக 30,000 ரூபாய்க்கு மேற்படலாகாது; அதற்கும் பற்றுச்சீட்டு உண்டு. அரசே 1978-ஆம் ஆண்டு முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்புக்கென ஒரு நிறுவனத்தைச் சென்னையில் நடத்தி வருகிறது.

இக்கேள்விகளைக் கேட்டவுடன் சினந்து எழுந்து செல்லும் தரகனைத் தடுக்க வேண்டா. விடை கூறுபவனாயின், அவன் பெயர், தொலைபேசி எண், அழைத்துச் செல்லும் வண்டியின் எண், சேரும் ஊர், நிறுவனத்தின் முகவரி ஆகியவற்றை இரண்டு தாள்களில் எழுதி, ஒன்றை வீட்டில் பெற்றோரிடமும், மற்றொன்றை ஊராட்சி அலுவலகத்திலோ பள்ளித் தலைமையாசிரியரிடமோ கொடுத்துவிட்டுப் புறப்படுக. சென்று சேர்ந்த அன்றே அம்முகவரி மெய்யானதா என்று பார்த்து, வீட்டுக்குச் சொல்லுதல் வேண்டும்.